கிழக்கு அறைக்குக் கரி கிடையாது

லாரிக்காரன் முற்றத்தில் நிலக்கரியைக் கொட்டிவிட்டுப் போனதையும், அதைப் பார்த்து கலிபா வாயடைத்து நின்றதையும் போன வாரம் பார்த்தோம். வாயடைத்து நிற்காமல் வேறென்ன செய்வாள் பாவம்? கட்டி கட்டியாக வரவேண்டிய கரி பாதிக்குப் பாதி தூளாக வந்திருந்தது. தூளை அடுப்பில் போட்டால் எரியாது, கண்ணைக் கரிக்கிற மாதிரி புகையும், அவ்வளவுதான். லாரிக்காரனைத் தேடினால், அவன் எப்போதோ கம்பி நீட்டியிருந்தான்.

விடிந்ததும் விடியாததுமாக சின்ன மகன் எமில் சல்லடையும் கையுமாக உட்கார்ந்துவிட்டான். தூள் ஒரு பக்கம், கட்டி ஒரு பக்கம். சலித்து முடித்து நிமிர்ந்தபோது, கட்டிக் குவியல் அவன் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது.

"அவ்வளவுதான் அபா," என்றான் அம்மாவைப் பார்த்து. "இதையும் கொட்டகையில இருக்கிற வறட்டியையும் வச்சுக்கிட்டு பனி உருகற வரைக்கும் ஒரே ஒரு அடுப்புதான் எரிக்க முடியும். ரெண்டாவது அடுப்பையும் எரிச்சா, அப்புறம் கதவு ஜன்னலை ஒடைச்சுப் போட்டுத்தான் குளிர் காயணும்."

ரெண்டாவது அடுப்பு என்று அவன் சொன்னது யாருடைய அடுப்பு என்று மருமகள் குலாயிமுக்குத் தெரியாதா என்ன? கையில் சாம்பல் வாளியோடு வாசலில் நின்றவள், அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த வீட்டில் வரவேற்பறையை முதல் பனி விழுந்த அன்றைக்கே மூடியாயிற்று. கதவு இடுக்கெல்லாம் கிழிந்த கோணி திணித்தாயிற்று. அதை மூடினதில் யாருக்கும் வருத்தமில்லை. ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான், குளிர்காலம் வந்துவிட்டால் வீடு சுருங்கிப்போகும். ஆள் புழங்குகிற இடத்துக்கு மட்டும்தான் சூடு. மிச்சமிருந்தது ரெண்டு இடம். சமையலும் சாப்பாடும் கலிபாவின் படுக்கையுமாக இருக்கும் பெரிய அறை ஒன்று, எமிலும் அங்கேதான் ஒரு மூலையில் முடங்குவான். முற்றத்துக்கு அந்தப் பக்கம், தனி வாசலும் தனி அடுப்புமாக இருக்கும் கிழக்கு அறை இன்னொன்று.

கிழக்கு அறை குலாயிமுடையது. அவள் புருஷன் அதிலெத் கல்யாணத்துக்கு முன்னால் தன் கையாலேயே செங்கல் வைத்துக் கட்டியது. அவன் எங்கோ தூரத்தில் யாகூத்ஸ்க் என்கிற ஊரில் கட்டட வேலைக்குப் போய் இது ரெண்டாவது குளிர்காலம். ஆரம்பத்தில் தினமும் போன் வரும். அப்புறம் வாரத்துக்கு ஒன்று. இப்போது வருகிற போனும் அம்மாவுக்குத்தான் வருகிறது. "அவன் நல்லா இருக்கானாம், உன்னை விசாரிச்சான்," என்று கலிபா சொல்வாள். குலாயிம் தலையாட்டிக்கொள்வாள்.

ஆனாலும் சாயங்காலம் ஆனால் அந்த அடுப்பை அவள் மூட்டாமல் இருந்ததில்லை. போன குளிர்காலத்தில் ஒருநாள் அவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டினான். உள்ளே வந்ததும் கையுறையைக் கழற்றி அடுப்புச் சுவரில் உள்ளங்கையை வைத்து, "அப்பாடா, வீடுன்னா இதுதான்," என்றான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இந்தக் குளிர்காலத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவன் மறுபடி அப்படி வந்து நிற்கும்போது சுவர் சில்லென்று இருக்கலாமா?

"என்ன அண்ணி, சிலையாட்டம் நிக்கிறீங்க?" என்றான் எமில். "ஒரு ஆளுக்கு ஒரு அடுப்பு. ராஜா வீட்டுப் பொண்ணு தோத்துது போங்க. நாங்க ரெண்டு பேரும் இங்க ஒரே அடுப்புல இல்லையா?"

"டேய், வாயைக் கொஞ்சம் மூடு," என்றாள் கலிபா. ஆனால் அந்த அதட்டலில் வேகமே இல்லை.

எமில் கெட்டவன் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். அவன் கணக்கில் தப்பும் இல்லை. குலாயிமுக்கும் கண் இருக்கிறதே, குவியலை அவளும்தான் பார்த்தாள். சாம்பல் வாளியைக் கீழே வைத்தாள்.

"அபா, கிழக்கு அறையை மூடிடலாம். நான் இங்கேயே வந்து படுத்துக்கறேன்."

சொல்லிவிட்டு மாமியார் முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், கலிபா மறுப்பாள் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். 'அட, அது எம்புள்ள ரூம்டி, அதுல எப்படி அடுப்பு அணையும்? நாம வேற ஏதாவது பண்ணிக்கலாம்' என்று ஒரு வார்த்தை வரும், தானும் பெருந்தன்மையாக 'பரவாயில்லை அபா' என்று சொல்லலாம் என்று இருந்தாள்.

கலிபாவோ சட்டென்று எழுந்துவிட்டாள். "அப்போ இன்னைக்கே மாத்திடலாம். எமில், பெட்டியைத் தூக்க வா."

குலாயிம் சாம்பல் வாளியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.

கிழக்கு அறையில் மாற்றவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை, மெத்தை அடுக்கைத் தவிர. அவள் பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்த மெத்தையும் ரஜாய்ப் போர்வையும், தகடு பதித்த மரப்பெட்டி மேல் கூரைக்கு ஒரு சாண் குறைவாக அடுக்கியிருந்தது. அவள் அம்மா ரெண்டு வருஷம் உட்கார்ந்து தைத்தது. ஒரு வீட்டுக்குள் மருமகள் இருக்கிறாள் என்பதற்கு அந்த அடுக்குதான் அடையாளம். அடுக்கு நிற்கிற வரைக்கும் அவளும் நிற்கிறாள்.

அதைத்தான் பட்டப்பகலில், தெருவைப் பார்த்த முற்றத்தின் வழியாக, ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனாள் நம் குலாயிம். கொஞ்சமாவது யோசிக்கிற பெண்ணாக இருந்தால், முதலில் அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கூப்பிட்டு டீ கொடுத்து, இன்ன மாதிரி விஷயம் என்று சொல்லியிருக்க வேண்டாமா? இல்லை, இருட்டின பிறகு தூக்கியிருக்கலாமே! மனசு வேறெங்கோ இருந்தால் இப்படித்தான் ஆகும்.

வேலிக்கு அந்தப் பக்கம் பாத்மா தலை நீட்டினாள். அவள் தலை எப்போது நீளும் என்று அந்தத் தெருவுக்கே தெரியும்.

"என்ன மருமகளே, இந்தக் குளிர்ல மெத்தைக்குக் காத்து வாங்கறீங்களா?"

"இல்லக்கா. கரி பத்தல. அந்த ரூமை மூடறோம்."

"கரி பத்தலையா!" என்றாள் பாத்மா, வாயில் கை வைத்து. "லாரி வந்ததை நான் பாத்தேனே."

"தூளா வந்துடுச்சுக்கா."

"அப்படியா. ஆமாமா. தூளாத்தான் வரும்." பாத்மா ஒரு மாதிரி இழுத்தாள். கண்ணில் அத்தனை இரக்கம். கரி இல்லை என்று வாயால் ஒப்புக்கொள்கிற வீடு அந்த ஊரில் எங்கே இருக்கிறது? மானம் போகாதா? ஆகவே அவள் அதை ஒரு சாக்காகத்தான் எடுத்துக்கொண்டாள். மருமகள் சீரை அள்ளுகிறாள், சொல்ல வெட்கப்பட்டுக் கரி மேல் பழி போடுகிறாள், பாவம். தலை உள்ளே போயிற்று, மொபைல் வெளியே வந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் அத்-பாஷியில், குலாயிமின் பிறந்த வீட்டுத் தெருவில்தான் பாத்மாவின் தங்கை வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

இதெல்லாம் தெரியாமல் குலாயிம் கடைசி மெத்தையோடு பெரிய அறைக்குள் வந்தவள் திகைத்துப்போனாள்.

அறையின் தலைமாட்டில், பெரிய விருந்தாளிகளை உட்காரவைக்கிற இடத்துக்குப் பின்னால், இத்தனை வருஷமாக நின்றது கலிபாவின் மெத்தை அடுக்கு. அதைக் காணோம். கதவுப் பக்கம் மூலையில் தள்ளியிருந்தது. அது இருந்த இடத்தில் குலாயிமின் பெட்டியை வைத்து, மேலே ஒவ்வொரு மெத்தையாக நீவி நீவி அடுக்கிக்கொண்டிருந்தாள் கலிபா.

"அபா, என்ன பண்றீங்க? என்னோடது மூலையில இருந்தா போதாதா?"

"இங்கதான் இருக்கணும்."

"பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"எவ வந்து பாக்கப் போறா? நீ போய் அங்க தண்ணி எதுவும் மிச்சம் வைக்காம கொட்டிட்டு வா. உறைஞ்சா கெட்டில் வெடிச்சுடும்."

குலாயிம் போனாள். கெட்டிலைக் கவிழ்த்தாள். அடுப்பில் கடைசியாகக் கிடந்த கங்கைக் கிளறி வாரினாள். புகைபோக்கியின் தகட்டை இழுத்து மூடினாள். ஆணியில் அதிலெத்தின் பழைய கோட்டு தொங்கியது. பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதை அவள் அடுப்புப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருந்தாள். எடுத்துப் போகலாமா, விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தடுமாறினாள். பிறகு எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, கதவிடுக்கில் கோணியைத் திணித்தாள். திணிக்கும்போது அழுகை வந்தது. குளிருக்குக் கண்ணில் தண்ணீர் வருவது சகஜம்தானே, யாரும் கேட்கவில்லை.

சாப்பாடு முடிந்து டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் சத்தம் கேட்டது. வண்டியை அணைக்கவில்லை. அணைத்தால் இந்தக் குளிரில் திரும்பப் பிடிக்காது என்பதால் எல்லோருமே அப்படித்தான். ஆனால் கதவைச் சாத்தின வேகத்தில் வந்தவன் சும்மா வரவில்லை என்று தெரிந்தது.

குலாயிமின் அண்ணன் போலோத். கணவாய் தாண்டி வந்திருக்கிறான். தொப்பியிலும் மீசையிலும் உறைபனி. தங்கையைப் பார்த்தான், தலைமாட்டில் நின்ற மெத்தை அடுக்கைப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

"அப்போ உண்மைதான். அடுக்கை வெளிய எடுத்துட்டீங்க!"

"வாப்பா போலோத், வா, மேல வந்து உக்காரு," என்று கலிபா தட்டுத்தடுமாறி எழுந்தாள். "முதல்ல ரொட்டியைத் தொடு."

அவன் ரொட்டியைத் தொடவில்லை. வீட்டுக்குள் வந்தவன் ஒரு துணுக்குகூட வாயில் போடாமல் நிற்பதா! எமில் வெடுக்கென்று நிமிர்ந்தான்.

"ரொட்டி இருக்கட்டும் சம்பந்தியம்மா. எங்க வீட்டுப் பொண்ணு என்ன தப்புப் பண்ணினா? அதைச் சொல்லுங்க. தப்புன்னா நாங்க கேட்டுக்கறோம். அதை விட்டுட்டு ஊர் பாக்க மெத்தையைத் தூக்கவச்சு அவமானப்படுத்துவீங்களா? எங்கம்மா அங்க அழுதுட்டு உக்காந்திருக்காங்க."

"யார் சொன்னது அண்ணா?" என்றாள் குலாயிம்.

"யார் சொல்லல? தெருவே சொல்லுது."

விஷயம் புரிந்ததும் எமில் சிரித்தே விட்டான். "ஐயோ, பாத்மாக்கா நியூஸா! அண்ணா, கரிதான் அண்ணா காரணம். வேணும்னா கொட்டகையில வந்து பாருங்க. எல்லாம் தூளு. அதான் எல்லாரும் ஒரே அடுப்புக்கு வந்துட்டோம். வேற ஒரு மண்ணும் இல்ல."

"ஆமாண்ணா," என்றாள் குலாயிம். "நான்தான் மூடலாம்னு சொன்னேன். யாரும் என்னை எதுவும் சொல்லல."

போலோத்தின் தோள் கொஞ்சம் இறங்கியது. தொப்பியைக் கழற்றினான். உட்காரப் போகிறவன் போலத்தான் இருந்தான். அந்த இடத்திலேயே எல்லாம் சிரிப்பாக முடிந்திருக்கலாம். ஆனால் கிளம்பிவரும்போது அம்மா சொல்லி அனுப்பியது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"சரி. அப்படின்னா மாப்பிள்ளைக்கு ஒரு போன் போடுங்க. அவர் வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டா நான் நிம்மதியா டீ குடிச்சுட்டுப் போறேன்."

"இப்ப எடுக்க மாட்டான்," என்றாள் கலிபா, அவசரமாக. "வேலையில இருப்பான். அங்க சிக்னலும் கிடைக்காது."

"ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன்."

"எடுக்க மாட்டான்னு சொல்றேன்ல!"

அந்தக் குரலில் இருந்த பதற்றம் குலாயிமுக்குக் கேட்டது. இத்தனை நாள் கேட்காதது இப்போது கேட்டது. ரொட்டிக்குப் பக்கத்தில் கலிபாவின் மொபைல் கிடந்தது. கலிபா கை நீட்டுவதற்குள் குலாயிம் அதை எடுத்துவிட்டாள். தன் நம்பரிலிருந்து கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓயும். இதிலிருந்து கூப்பிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கலாமே!

ரெண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்டது அவன் குரல்.

"என்ன அபா, இப்பவாவது சொன்னீங்களா அவகிட்ட? இன்னும் எத்தனை நாளைக்கு அந்த ரூமுக்குக் கரி போட்டுக்கிட்டு இருப்பீங்க? மூடிட்டு அவளை அவங்க வீட்டுக்கு அனுப்பிடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

அடுப்பில் கரி வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அபா? கேக்குதா?"

"கேக்குது," என்றாள் குலாயிம். "மூடியாச்சு. நான்தான் மூடினேன்."

"குலாயிம், அபா சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்," என்றான். அவ்வளவுதான். லைன் போய்விட்டது. அவனாக வைத்தானோ, தானாகப் போயிற்றோ, யார் கண்டார்கள்?

"அபா!" என்று எமில் கத்தினான். "இது எனக்கே தெரியாதே! அண்ணி, சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் காலையில அப்படிப் பேசியிருப்பேனா?"

குலாயிம் அவனைப் பார்க்கவில்லை. மாமியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?"

கலிபா முந்தானை போலத் தோளில் கிடந்த கம்பளிச் சால்வையை முறுக்கிக்கொண்டிருந்தாள். "உருளைக்கிழங்கு தோண்டிக்கிட்டிருந்தோமே, அப்ப சொன்னான். அவனுக்கு அங்க ஒரு குடும்பம் ஆயிடுச்சும்மா."

உருளைக்கிழங்கு தோண்டினது இலை உதிரும்போது. அதற்கப்புறம் எத்தனை சாயங்காலம்! குலாயிம் வாளியோடு முற்றத்தைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னலில் கலிபா நின்றுகொண்டிருப்பாள். நல்ல காய்ந்த வறட்டியாகப் பொறுக்கி, "இது சீக்கிரம் பத்திக்கும், எடுத்துட்டுப் போ," என்று வாளியில் போட்டுக்கூட அனுப்பியிருக்கிறாள்.

"தினமும் பாத்துக்கிட்டே இருந்தீங்களே அபா. வராத ஆளுக்கு நான் ரூமைச் சூடு பண்ணி வைக்கிறதை, அவர் கோட்டை உதறி மாட்டறதை, எல்லாத்தையும் பாத்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சொல்லியிருந்தா அன்னைக்கே மூடியிருப்பேன்."

"மூடிட்டுப் போயிருப்ப."

"ஆமா, போயிருப்பேன்."

"அதான் சொல்லல," என்றாள் கலிபா. "எனக்கு யாருடி இருக்கா? அவன் வரமாட்டான். இவன் இன்னைக்கோ நாளைக்கோ அவன் பின்னாடியே போயிடுவான். கரி தூளா வந்து விழுந்ததும், கடவுளாப் பாத்து ஒரு வழி விட்டான்னு நெனச்சேன். அவன் பொண்டாட்டியா அந்த ரூம்ல இருந்தது போதும், இனிமே என் பொண்ணா இந்த ரூம்ல இருக்கட்டும்னுதான் உன்னை இங்க கூட்டிட்டு வந்தேன். என் அடுக்கை இறக்கிட்டு உன்னோடதை ஏன் அங்க வச்சேன்? வேற எதுக்கு வச்சேன்?"

குலாயிமுக்கு ஒரு கணம் மனசு இளகத்தான் செய்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக எழும்பி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. புருஷன் செய்தது துரோகம், அது தூரத்தில் நடந்தது. இது கண்ணெதிரில், தினமும், ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டே நடந்தது.

"கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாமே அபா. நான் என்ன, ஒரு ரூம்லேருந்து இன்னொரு ரூமுக்கு மாத்தி வைக்கிற சாமானா?"

"கிளம்பு குலா," என்றான் போலோத். "இனிமே இங்க ஒரு நிமிஷம் நிக்கக்கூடாது. இவங்க மூஞ்சியில முழிக்கவே வேணாம்."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள், தன்னுடையதை. அதிலெத்தின் கோட்டு அடுப்புப் பக்கம் கிடந்தது, அப்படியே கிடக்கட்டும் என்று விட்டாள். மெத்தை அடுக்கைக் காட்டி, "இதை என்ன பண்றது அண்ணா?" என்று கேட்டாள்.

போலோத் அதை ஒரு பார்வை பார்த்தான். "இப்ப எதுக்கு அது? காருல எங்க கொள்ளும்? அப்புறம் பாத்துக்கலாம், நீ வா."

அந்த அவசரத்தில் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. சீரைத் திரும்பக் கொண்டுபோக வருகிற அண்ணன் லாரியோடு அல்லவா வருவான்? அவன் இந்தப் பழைய காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

கார் கதவு வரைக்கும் கலிபா ஓடிவந்தாள், காலில் சரியாகச் செருப்புகூட இல்லாமல். கையில் ரொட்டி. "கோபமா இருந்தாலும் ஒரு துணுக்கு தொட்டுட்டுப் போம்மா. வெறும் வாயோட இந்த வீட்டுலேருந்து போகாத."

போலோத் ஹாரனை அழுத்தினான். குலாயிம் ஒரு துணுக்குக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். மாமியார் முகத்தைப் பார்க்காமல்தான். வேலிக்கு அந்தப் பக்கம் பாத்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். தான் சொன்னது பொய்யாக இருந்து மெய்யாகிப்போனது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஊர் எல்லை தாண்டும் வரைக்கும் போலோத் திட்டிக்கொண்டே வந்தான். அதிலெத்தைத் திட்டினான், அவன் அம்மாவைத் திட்டினான், யாகூத்ஸ்கைக்கூட விடவில்லை. குலாயிம் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். தன் பக்கம் பேச ஒரு ஆள் இருக்கிறானே என்று கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது. அண்ணன் அண்ணன்தான்.

கணவாய் ஏற ஏற அவன் பேச்சு குறைந்தது. உச்சி வந்தபோது சுத்தமாக நின்றுவிட்டது. காரின் சூட்டுக் காற்று முன் கண்ணாடிக்கு மட்டும்தான் வந்தது. அவளுக்குக் கால் விறைத்தது. பனி ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நின்றது.

"குலா," என்றான் கடைசியில், ரோட்டையே பார்த்துக்கொண்டு. "ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கக்கூடாது."

"சொல்லுண்ணா."

"நாங்களும் இந்த வருஷம் பெரிய வீட்டை மூடிட்டோம். எல்லாருமே சமையல்கட்டுலதான். அம்மா, அப்பா, நான், உங்க அண்ணி, புள்ளைங்க எல்லாரும். கரி விக்கிற விலைக்கு வேற என்ன பண்றது?"

"என் ரூம்?"

"அதுல கறி தொங்குது."

"என்ன?"

"குதிரைக் கறி. குளிர்காலத்துக்கு வெட்டினது. அந்த ரூம்தான் நல்லா உறையுது, கெடாம இருக்கு. ஜன்னலைக்கூடத் தொறந்து போட்டு வச்சிருக்கோம்." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அதனால என்ன, நெருக்கிப் படுத்தா இடம் இருக்கும். கதவோரமா உனக்கு ஒரு மெத்தை போடலாம். உங்க அண்ணிகிட்ட நான் பேசிக்கறேன். முதல்ல கொஞ்சம் மூஞ்சியைத் தூக்குவா, நீ கண்டுக்காத. எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தானே."

"கொஞ்ச நாளைக்குன்னா?"

"அதான், அப்புறம் எங்கயாவது ஒரு நல்ல இடமாப் பாத்து..." அவன் முடிக்கவில்லை.

குலாயிம் அண்ணனையே பார்த்தாள். மெத்தை அடுக்கை அவன் ஏன் எடுக்க விடவில்லை என்று இப்போது விளங்கியது. அதை வைக்க அங்கே இடமில்லை.

"இடம் இல்லன்னு தெரிஞ்சும் எதுக்குண்ணா வந்த?"

"வராம இருக்க முடியுமா? தெரு முழுக்கப் பேசுதுடி. தங்கச்சி மெத்தையை வெளிய போட்டுட்டாங்களாம், அண்ணன்காரன் போய் ஒரு வார்த்தை கேக்கலையாம்னா, நான் தலை நிமிந்து நடக்கறதா வேணாமா?"

குலாயிமுக்கு அழலாம் என்று பார்த்தால் அழுகைகூட வரவில்லை. கலிபாவின் மேல் இருந்த கோபம் இன்னும் அப்படியே இருந்தது. ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. ஆனால் இந்தக் குளிர்காலத்தில் தன் இடத்தைக் காலிசெய்து இவளுக்குக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான் என்பதும் அதோடு சேர்ந்தே இருந்தது.

"வண்டியை நிறுத்துண்ணா."

"என்ன, வாந்தி வருதா?"

"நிறுத்து."

நிறுத்தினான். என்ஜின் மட்டும் தடதடத்துக்கொண்டிருந்தது. இறங்குகிற பக்கம் அத்-பாஷி, ஏறி வந்த பக்கம் புகுந்த வீடு. ரெண்டு ஊரின் புகையும் அங்கிருந்து தெரியவில்லை. குலாயிம் கதவைத் திறந்து பனியில் காலை வைத்தாள்.

"பைத்தியமாடி நீ? கணவாய் நடுவுல இறங்கறியே. எங்க போகப் போற?"

"தெரியலண்ணா," என்றாள். "ஆனா கதவோரம் படுக்க நான் வரல."